சின்னப் பாறைக்கூட்டம், பெரிய கேள்விகள்: போல்டரிங் வாசகர் கேள்வி–பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றி வந்தன. இருபது முப்பது பாறைகள் மட்டுமே உள்ள ஒரு சிறிய போல்டரிங் (கயிறு இல்லாமல் சிறு பாறைகளில் ஏறுவது) இடத்தின் வரலாற்றை எப்படித் திரட்டுவது, எதை நம்புவது, எதை எப்படி எழுதிவைப்பது? மற்ற கேள்விகளைத் தள்ளிவைத்துவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

கே: எங்கள் இடத்தில் மொத்தமே முப்பது பாறைகள். இதற்குப் போய் வரலாறு எழுதுவது கொஞ்சம் ஓவராகத் தெரியவில்லையா?

ப: தெரியவில்லை. 2016-ல் நாலே ஹுக்காதைவால் 'பர்டன் ஆஃப் ட்ரீம்ஸ்' என்ற வரியை (பாறையில் ஏறும் வழியை) ஏறி, போல்டரிங்கில் முதன்முதலாக 9ஏ என்ற கிரேடை (கடின அளவை) முன்வைத்தார். அது இருப்பது பின்லாந்தின் லாப்னோரில், பெரிய மலைத்தொடர் எதிலும் இல்லை. பாறை சின்னது, அசைவுகள் ஐந்தே ஐந்து.

அதை விடுங்கள். பதிவு இல்லாத இடத்தில் நடைமுறைத் தொல்லைகள் நிறைய. பத்து வருடத்துக்கு ஒரு முறை புதிதாக ஒரு கூட்டம் வரும், அதே வரிக்குப் புதுப் பெயர் வைக்கும், ஏற்கெனவே சுத்தமாக இருக்கும் பிடியைக் கம்பித் தூரிகையால் மறுபடி தேய்க்கும். நிலத்துக்காரரோ வனத்துறையோ "இங்கே எவ்வளவு நாளாக ஏறுகிறீர்கள்?" என்று கேட்டால் காட்ட ஒரு தாளும் இருக்காது.

கே: போல்டரிங் எப்போது தொடங்கியது? எங்கள் இடத்துக்குத் தொடக்க ஆண்டு என்று எதைப் போடுவது?

ப: உலக அளவில் ஒற்றை ஆண்டு கிடையாது. 1890-களிலேயே ஆஸ்கர் எக்கென்ஸ்டைன் சிறு பாறைகளில் சமநிலையையும் கால்வைப்பையும் பயிற்சி செய்தார். வேல்ஸில் லான்பெரிஸ் கணவாயில் உள்ள ஒரு பாறை இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது. பாரிஸுக்குத் தென்கிழக்கே ஃபோன்டென்ப்ளோ காட்டில் ஆல்ப்ஸ் ஏறுகிறவர்கள் மணற்பாறைகளில் பயிற்சி எடுத்தார்கள். அங்கே ஏறுகிறவர்களின் குழுவான 'குரூப் த ப்ளோ' 1924-ல் உருவானது. பியர் அலேன் 1930-களில் மென்மையான ரப்பர் அடியுள்ள காலணியை உருவாக்கினார். வண்ண அம்பு வரைந்து பல பாறைகளைத் தொடராக இணைக்கும் 'சர்க்யூட்' முறை அங்கே 1947-ல் தொடங்கியது. அமெரிக்காவில் ஜிம்னாஸ்டிக்ஸ் பின்னணியிலிருந்து வந்த ஜான் கில், கை வழுக்காமல் இருக்கப் பூசும் சாக் பவுடரை 1950-களில் பாறைக்குக் கொண்டுவந்தார். சிறு பாறை ஏறுவது மலைக்கான ஒத்திகை இல்லை, அதுவே ஒரு விளையாட்டு என்று 1969-ல் கட்டுரையாகவும் எழுதினார்.

உங்கள் இடத்துக்கு வருவோம். தொடக்க ஆண்டு என்று ஒன்றைப் போடாதீர்கள். மூன்று தேதிகளைத் தனித்தனியாகத் தேடுங்கள்: கயிறு கட்டி ஏறுகிறவர்கள் பயிற்சிக்காக வந்த காலம், போல்டரிங் செய்யவென்றே ஆட்கள் வந்த காலம், ஒரு வரிக்குப் பெயர் வைத்து யாரோ எழுதிவைத்த முதல் நாள். இந்த மூன்றுக்கும் நடுவில் இருபது முப்பது வருட இடைவெளிகூட இருக்கலாம். உள்ளூர்க் கதைகளில் இருக்கிற குழப்பத்தில் பெரும்பகுதி, இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் கலக்குவதால் வருவதுதான்.

கே: பாறையைப் பார்த்தே "இதில் முன்பு ஆள் ஏறியிருக்கிறார்கள்" என்று சொல்ல முடியுமா?

ப: பல சமயம் முடியும். காலையிலோ மாலையிலோ வெயில் சாய்ந்து விழும் நேரத்தில் போங்கள். நடுப்பகல் வெளிச்சத்தில் எல்லாப் பாறையும் ஒரே மாதிரிதான் தெரியும்.

முதலில் பார்க்க வேண்டியது கால் வைக்கும் இடங்களை. கைபிடிகளை எல்லோரும் பார்ப்பார்கள், ஆனால் தேய்மானம் காலடியில்தான் அதிகம். காலணியில் ஒட்டிய மண் உப்புத்தாள் மாதிரி வேலை செய்யும். தரையிலிருந்து முழங்கால் உயரத்தில், மற்ற இடமெல்லாம் சொரசொரப்பாக இருக்க, கட்டைவிரல் அகலத்துக்கு மட்டும் ஒரு பளபளப்பு தெரிந்தால் அது மழையின் வேலை இல்லை. விரல் நுனியால் தடவிப் பாருங்கள், கண்ணுக்கு முன்பே விரலுக்குத் தெரியும்.

அடுத்தது சாக். மழை படும் முகத்தில் அது சீக்கிரம் போய்விடும். கூரை போல் முன்சாய்ந்த பாறையின் அடியில் வருடக்கணக்கில் நிற்கும். பிடியின் முன்புறத்தைப் பார்த்தால் போதாது. உள்ளே, விரல் மடங்கும் மூலையில் டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளையாக இல்லாமல் பழுப்பாக, கண்ணாடி பூசியது போல் மினுமினுப்பாக இருந்தால் அது சாக் இல்லை, பிசின். ஃபோன்டென்ப்ளோவில் துணியில் முடிந்த பிசினைப் பாறையில் தட்டி ஏறும் பழக்கம் நெடுங்காலம் இருந்தது. அதற்கு 'போஃப்' என்று பெயர். அது பாறையின் துளைகளை அடைத்து மெழுகிவிடும் என்பதால் இன்று பெரும்பாலானோர் அதை எதிர்க்கிறார்கள்.

மூன்றாவது லைக்கன், பாறையில் சாம்பலும் பச்சையுமாகப் படருமே அது. பாறையோடு ஒட்டி வளரும் வகைகள் பலவும் வருடத்துக்கு 1 மில்லிமீட்டர்கூட வளர்வதில்லை. ஆகவே லைக்கன் நிறைந்த முகத்தில் கைபிடி அளவுக்கு மட்டும் வெற்றிடங்கள், அதுவும் ஒரு ஆள் எட்டும் இடைவெளியில் மேல்நோக்கிப் போனால், யாரோ தேய்த்திருக்கிறார்கள். வெற்றிடத்தின் ஓரங்களில் பொட்டுப் பொட்டாகத் திரும்ப முளைத்திருந்தால் தேய்த்துப் பல வருடம் ஆகிவிட்டது என்று கொள்ளலாம். எத்தனை வருடம் என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள். வகைக்கு வகை, நிழலுக்கு நிழல் வேகம் மாறும்.

நான்காவது பலரும் தவறவிடுவது. பாறையின் அடியைச் சுற்றி, நிறம் வெளுத்த, லைக்கன் இல்லாத ஒரு பட்டை தெரிகிறதா பாருங்கள். ஒரு காலத்தில் மண் மூடியிருந்த பகுதி அது. காலடி பட்டும் மழையில் அரித்தும் தரை இறங்கியிருக்கிறது. பட்டையின் அகலத்தை அளந்து எழுதுங்கள். தரை 30 சென்டிமீட்டர் இறங்கியிருந்தால், முன்பு நின்றபடி தொட்ட பிடியை இன்று எகிறிப் பிடிக்க வேண்டியிருக்கும். "அந்தக் காலத்தில் எப்படி இதை இவ்வளவு சுலபம் என்றார்கள்?" என்ற புதிருக்குப் பாதி விடை அந்தப் பட்டையில்தான் இருக்கிறது.

பாறை உச்சியில் துருப்பிடித்த ஆணியோ போல்ட்டோ இருந்தால், அங்கே மேலிருந்து கயிறு கட்டி ஏறிய காலம் ஒன்று உண்டு. அதைப் பிடுங்காமல் படம் மட்டும் எடுங்கள்.

கே: பழைய கருப்பு–வெள்ளைப் படம் ஒன்று கிடைத்தது. ஆண்டு குறிப்பிடவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

ப: படத்தில் உள்ள பொருள்கள் "இதற்கு முன்னால் இல்லை" என்றுதான் சொல்லும், "இதற்குப் பின்னால் இல்லை" என்று ஒருபோதும் சொல்லாது. இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதிப் பிழை தவிரும். விழுகிறவரைத் தாங்கும் மெத்தையான கிராஷ் பேட் விற்பனைக்கு வந்தது 1990-களின் தொடக்கத்தில். படத்தில் பேட் இருந்தால் படம் அதற்குப் பிந்தையது. பேட் இல்லை என்பதால் முந்தையது என்று ஆகாது, பேட் வாங்க முடியாதவர்கள் இன்றும் இருக்கிறார்கள். காலணியும் அப்படித்தான். ஒட்டும் ரப்பர் அடியுள்ள காலணிகள் 1980-களின் தொடக்கத்தில் வந்தன, ஆனால் அண்ணனின் பழைய காலணியைத் தம்பி பதினைந்து வருடம் கழித்தும் போடுவான்.

காலணியை விட மரம் நல்ல சாட்சி. பின்னணியில் இருக்கும் மரத்தின் உயரத்தையும் தடிமனையும் இன்றைய மரத்தோடு ஒப்பிடுங்கள். அதே இடத்தில் நின்று, அதே கோணத்தில் புதுப் படம் ஒன்று எடுத்து, இரண்டையும் அருகருகே வையுங்கள். தரைமட்டம், உடைந்த பிடி, காணாமல் போன புதர் எல்லாம் அப்போதுதான் கண்ணில் படும். நிழலின் திசை நேரத்தையும் பருவத்தையும் சொல்லும், ஆண்டைச் சொல்லாது.

நெகட்டிவ் இருக்கிறதா என்று கேளுங்கள். அச்சிட்ட படத்தை விட அது பத்து மடங்கு பயன். நெகட்டிவ் துண்டில் ஓரத்தில் எண் இருக்கும். ஏறும் படம் 14 என்றால் 12, 13, 15, 16-ல் என்ன என்று பாருங்கள். ஒரு கல்யாணமோ பட்டமளிப்பு விழாவோ அதே சுருளில் இருந்தால் தேதி கையில் கிடைத்த மாதிரி. படத்தின் பின்னால் லேப் அடித்த முத்திரை, கழுவி அச்சிட்ட தேதியைத்தான் காட்டும். சுருள் ஒரு வருடம் கேமராவுக்குள்ளேயே கிடந்திருக்கலாம்.

டிஜிட்டல் படங்களிலும் ஏமாறாதீர்கள். கேமராவின் உள்பேட்டரி தீர்ந்தால் தேதி அதன் ஆரம்ப நிலைக்கே போய்விடும். ஜனவரி 1 என்று காட்டும் படங்களை நம்ப வேண்டாம். வாட்ஸ்அப்பில் படமாக வந்தவற்றில் எடுத்த தேதி பெரும்பாலும் அழிந்திருக்கும். மூலக் கோப்பைக் கேட்டு வாங்குங்கள்.

கே: ஒரே வரியை இரண்டு பேர் 'நான்தான் முதலில் ஏறினேன்' என்கிறார்கள். யாரை நம்புவது?

ப: இருவரையும் நம்பலாம், தப்பில்லை. ஒருவர் நின்று தொடங்கியிருப்பார், இன்னொருவர் உட்கார்ந்து. ஒருவர் மேலிருந்து கயிறு கட்டி ஒத்திகை பார்த்துவிட்டு ஏறியிருப்பார், இன்னொருவர் கீழிருந்து நேராக. இவை வேறு வேறு சாதனைகள், வேறு வேறு வரிகளில் எழுதப்பட வேண்டியவை.

விசாரிக்கும் முறை ஒன்று சொல்கிறோம். இருவரையும் சேர்த்து வைத்துக் கேட்காதீர்கள், குரல் பெரியவர் ஜெயிப்பார். தனித்தனியாக, முடிந்தால் பாறைக்கே அழைத்துப்போய்க் கேளுங்கள். "எந்த வருடம்?" என்று தொடங்க வேண்டாம். மனிதர்களுக்கு ஆண்டு நினைவிருக்காது, கூட இருந்தவர் நினைவிருப்பார். கூட யார், என்ன காலணி, அப்போது எங்கே வேலை, மழைக்காலமா வெயில்காலமா என்று சுற்றிவளைத்து ஆண்டுக்கு வாருங்கள். பிறகு பாறை முன் நிற்க வைத்து, "கையை எங்கே வைத்தீர்கள், காட்டுங்கள்" என்று சொல்லுங்கள். வாய் மறந்ததைக் கை மறக்காது. கை போய் நிற்கிற இடத்தில் இன்று பிடியே இல்லை என்றால், உடைந்த பிடி ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டீர்கள்.

அதன் பிறகும் தீரவில்லையா? இரண்டு பெயரையும் போடுங்கள். 'முதல் ஏற்றம்' என்று எழுதாமல் 'பதிவான முதல் ஏற்றம்' என்று எழுதுவதே எப்போதும் சரி. சுலபமான சாய்பாறைகளுக்கு அதுவும் வேண்டாம். ஆடு மேய்த்த பிள்ளைகள் செருப்பில்லாமல் ஓடி ஏறிய பாறைக்கு 2009-ல் ஒருவர் பெயர் போடுவது பார்க்க நன்றாக இருக்காது.

கே: உயரம் எத்தனை அடி தாண்டினால் போல்டரிங் இல்லை என்று ஆகும்?

ப: அளவுகோல் இல்லை. கில் 1961-ல் தெற்கு டகோட்டாவில் ஏறிய 'திம்பிள்' ஏறத்தாழ 9 மீட்டர். கயிறு இல்லை, பேட் இல்லை, விழக்கூடிய இடத்தில் வாகன நிறுத்தத்தின் தடுப்புக் கம்பி இருந்தது. அதையும் போல்டரிங் வரலாற்றில்தான் வைக்கிறார்கள். உச்சியிலிருந்து டேப்பைத் தொங்கவிட்டு உயரத்தை அளந்து எழுதுங்கள், விழும் இடம் எப்படி என்றும் எழுதுங்கள். ஏறுகிறவர் முடிவு செய்துகொள்ளட்டும்.

கே: பழைய குறிப்பேட்டில் 'பி1', 'பி2' என்று கிரேடு போட்டிருக்கிறது. இன்றைய கிரேடுக்கு மாற்ற அட்டவணை உண்டா?

ப: நேரடியாக மாற்ற முடியாது, காரணம் அந்த முறையின் அமைப்பிலேயே இருக்கிறது. கில் வகுத்த பி முறையில் பி1 என்றால் அந்தக் காலத்தில் கயிறு கட்டி ஏறிய வழிகளின் உச்சக் கடினத்துக்குச் சமம். பி2 அதற்கும் மேல். பி3 என்றால் ஒருவர் மட்டுமே ஏறியது, மற்றவர்கள் முயன்றும் முடியாதது. இரண்டாவது ஆள் ஏறிய அன்றே பி3 கீழே இறங்கிவிடும். கயிற்று ஏற்றத்தின் உச்சம் உயர உயர பி1-ன் பொருளும் நகர்ந்தது. ஆக, ஆண்டு தெரியாத பி1 வெறும் எழுத்துதான்.

அதனால் பழைய கிரேடை அடிக்காதீர்கள். "பழைய குறிப்பில் பி2" என்று அப்படியே வைத்து, பக்கத்தில் புதிய கிரேடைப் போடுங்கள். புதியதற்கு, உயரத்தில் வேறுபட்ட மூன்று பேராவது ஏறிப் பார்த்துச் சொல்வது நல்லது. ஜான் ஷெர்மனின் வி முறை 1991-ல் டெக்சஸின் ஹுவேக்கோ டேங்க்ஸ் பாறைப் பகுதிக்கான வழிகாட்டிப் புத்தகத்தோடு அச்சுக்கு வந்தது. அதற்கு முந்தைய குறிப்பில் வி கிரேடு இருந்தால், யாரோ பின்னால் சேர்த்தது என்று சந்தேகப்படுங்கள். ஃபோன்டென்ப்ளோ முறையோடு ஒப்பிட்டால் வி3 சுமார் 6ஏ, வி6 சுமார் 7ஏ, வி11 சுமார் 8ஏ.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு மட்டும் ஒரு தனித் தொல்லை. போல்டர் கிரேடைப் பெரிய எழுத்திலும் (7A), கயிற்று வழியின் பிரெஞ்சு கிரேடைச் சிறிய எழுத்திலும் (7a) எழுதுவது வழக்கம். இரண்டும் ஒன்றல்ல, போல்டரில் 7ஏ என்பது கயிற்று வழியின் 7ஏ-வை விட நன்றாகவே கடினம். நம் எழுத்தில் பெரியது சிறியது என்ற பேதம் இல்லாததால் இரண்டும் '7ஏ' ஆகிவிடும். 'போல்டர் 7ஏ' என்று முழுதாக எழுதிவிடுங்கள்.

இன்னொன்று, கிரேடு பாறையோடு சேர்ந்து மாறும். ஃபோன்டென்ப்ளோவின் 'லா மாரி ரோஸ்' 1946-ல் ரெனே ஃபெர்லே ஏறியது, அந்தக் காட்டின் முதல் 6ஏ என்று சொல்லப்படுவது. இத்தனை ஆண்டுக் காலடிகளில் பிடிகள் மெழுகாகிவிட்டன. இன்று அதில் வழுக்கி விழுகிறவர், 1946-ன் கிரேடு தவறு என்று சொல்ல முடியாது.

கே: முக்கியமான பிடி உடைந்துவிட்டது. ஒட்டலாமா?

ப: அவசரப்படாதீர்கள். முதலில் உடைந்த துண்டைத் தேடி எடுத்து, தேதி எழுதிப் பையில் போடுங்கள். உடைந்த முகத்தை நாணயமோ அளவுகோலோ பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். புதிய உடைப்பு வெளிர் நிறமாக இருக்கும். பழகப் பழகச் சுற்றியுள்ள பாறையின் நிறத்துக்கு வந்துவிடும், பிறகு யாராலும் சொல்ல முடியாது. பதிவில் "உடைவதற்கு முன்", "உடைந்த பின்" என்று இரண்டு கிரேடு, இரண்டு பதிவான முதல் ஏற்றம். பசை போடுவது அந்த இடத்தில் ஏறுகிற எல்லோரும் சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவு, பெரும்பாலும் வேண்டாம் என்பதே நல்ல முடிவு.

உடைந்ததா உளியால் கொத்தியதா என்று சந்தேகம் வந்தால் உட்பக்கத்தைப் பாருங்கள். இயற்கையான உடைப்பு பாறையின் படலத்தைப் பின்பற்றி ஒழுங்கில்லாமல் போகும். உளி வேலையில் இணையான கோடுகள் இருக்கும், விரல் போக வசதியாகக் குழிவும் இருக்கும். பாறைக்கு அவ்வளவு கருணை கிடையாது.

கே: பாசி மூடிய பழைய வரிகளைத் திரும்பத் திறக்க ஆசை. எதால் தேய்ப்பது?

ப: நைலான் தூரிகை, அல்லது பன்றிமுடித் தூரிகை. கம்பித் தூரிகை வேண்டவே வேண்டாம். மணற்பாறைக்கு வெளியே கெட்டியான ஒரு மெல்லிய தோல் உண்டு, உள்ளே இருப்பது சர்க்கரைக் கட்டி மாதிரி. தோல் போனால் ஒவ்வொரு ஏற்றத்திலும் பிடி உதிரும். பிடியையும் கால்வைப்பையும் மட்டும் திறந்தால் போதும், முழு முகத்தையும் வழித்தெடுக்கக் கூடாது.

ஈரமான மணற்பாறையில் தேய்க்கவும் கூடாது, ஏறவும் கூடாது. ஈரத்தில் அதன் பலம் வெகுவாகக் குறையும், பிடிகள் உடைவது பெரும்பாலும் அப்போதுதான். மேலே காய்ந்திருக்கிறது என்பது சான்றல்ல. பாறையடியில் விரல் நீளத்துக்கு மண்ணைத் தோண்டுங்கள், உள்ளே ஈரமாக இருந்தால் பாறைக்குள்ளும் ஈரம் இருக்கிறது. மழைக்குப் பின் குறைந்தது ஒரு நாள், நிழலில் உள்ளதென்றால் மூன்று நாள் வரை விடுங்கள். கருங்கல்லுக்கு இவ்வளவு கெடுபிடி இல்லை.

கே: ஒரு பாறையில் பழைய ஓவியங்கள் போலச் செந்நிறக் கோடுகள் தெரிகின்றன. அதிலும் ஒரு பழைய பிராப்ளம் (ஏறும் வரி) இருக்கிறது.

ப: அந்தப் பாறையில் ஏறுவதை இன்றே நிறுத்துங்கள். தொடாதீர்கள், தேய்க்காதீர்கள், படம் தெளிவாக வரட்டும் என்று தண்ணீர் தெளிக்காதீர்கள். தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள். டெக்சஸின் ஹுவேக்கோ டேங்க்ஸில் பாறை ஓவியங்களைக் காக்க 1998-ல் கடும் கட்டுப்பாடுகள் வந்தன. அங்கே வடக்குக் குன்றுக்கு ஒரே நேரத்தில் 70 பேருக்குத்தான் அனுமதி, மற்ற பகுதிகளுக்கு வழிகாட்டியோடுதான் போக வேண்டும். உங்கள் பதிவில் அந்த வரியின் பெயரும் ஆண்டும் இருக்கட்டும், 'ஏறக் கூடாது' என்ற குறிப்போடு. இடக்குறியீட்டை மட்டும் வெளியிடாதீர்கள்.

கே: ஒவ்வொரு பிராப்ளத்துக்கும் என்னென்ன எழுத வேண்டும்?

ப: பாறையின் எண், அது பார்க்கும் திசை, அளந்த உயரம், சாய்வு (போனில் உள்ள கோணமானி போதும்). தொடக்கப் பிடிகள் இரண்டு கைக்கும் தனித்தனியாக, உட்கார்ந்தா நின்றா, முடிவு எங்கே, எந்த விளிம்பைப் பயன்படுத்தக் கூடாது. இதுவரை இருந்த எல்லாப் பெயர்களும். பதிவான முதல் ஏற்றம், யார் சொல்லித் தெரிந்தது, சொன்ன தேதி. 'யார் சொன்னது' என்ற கட்டத்தை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், பத்து வருடம் கழித்துச் சண்டை வருவது அங்கேதான். ஒருவர் பெயரைப் போடும் முன் அவரிடம் கேட்டுவிடுங்கள், பலர் அந்த நாளில் அலுவலகத்துக்கு லீவு சொல்லாமல் வந்திருப்பார்கள்.

பாறைக்கு நான்கு படம்: நான்கு திசையிலிருந்தும், ஒன்றிலாவது ஒரு ஆள் நிற்க வேண்டும், அளவு தெரிய. கோடு போட்ட படத்தையும் கோடு போடாத மூலத்தையும் சேர்த்து வையுங்கள். கோடு போட்டது மட்டும் மிஞ்சினால், கோடு மறைத்த பிடியைத் திரும்பப் பார்க்கவே முடியாது.

கே: ஏறுவதற்கு ஏன் 'பிராப்ளம்' என்று பெயர்?

ப: விடை தெரியும் வரை அது அப்படித்தான் இருக்கும்.

கே: ஒரே வரிக்கு மூன்று பெயர் இருக்கிறது. எதை வைத்துக்கொள்வது?

ப: பழையது எது என்று தெரிந்தால் அதைத் தலைப்பாகவும், மற்ற இரண்டை அடியிலும். இப்போது எல்லோரும் கூப்பிடும் பெயர் வேறாக இருந்தால் அதைத் தலைப்பாக வைத்து, பழையதை "முதலில் இட்ட பெயர்" என்று எழுதலாம். எதுவானாலும், பெயரைப் பாறையில் பெயின்டில் எழுத வேண்டாம். ஃபோன்டென்ப்ளோவைக் காட்டிச் சிலர் வாதாடுவார்கள். அங்கே மஞ்சள், ஆரஞ்சு, நீலம், சிவப்பு, கறுப்பு என்று கடினம் ஏறும் வரிசையில் சின்ன அம்புகள் போடப்பட்டிருப்பது உண்மை. அவற்றைப் பராமரிக்க அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். உங்கள் முப்பது பாறைக்கு ஒரு நோட்டுப் புத்தகமும், அதன் நகல் வேறொருவர் வீட்டிலும் இருந்தால் போதும்.